துறவி நண்டுக்கு ஒரு வீடு



அனுப்பர்பாளையத்தில் நமக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. தந்தை பித்தளைப் பாத்திரப் பட்டறையில் வேலை செய்கிறவர். தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் செல்கிறவர். சென்ற ஆண்டு மே மாதத்தில் அவர்களுடைய மகன் புதுநன்மை வாங்கினான். திருப்பலி முடிந்து அனைவரும் வீடு திரும்பியதும், ஊரிலிருந்து வந்திருந்த தாய்மாமன் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியை அவன் கையில் கொடுத்தார். அதனுள் இரண்டு சங்குகள் இருந்தன. ஒன்றுக்குச் சிவப்பு வர்ணம், மற்றொன்றுக்கு நீல வர்ணம். பையன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருக்க, சற்று நேரத்தில் அந்தச் சங்குகளுக்குக் கால்கள் முளைத்தன. அவை நடக்கத் தொடங்கின. அவை துறவி நண்டுகள்.

"இதுக்குப் பெரிசா ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு ஸ்பாஞ்சை நனைச்சு வெச்சாப் போதும்" என்று விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தாராம். குடும்பத்தார் அதற்கு மேலும் செய்தார்கள். தந்தை தம் கையாலேயே சிறியதொரு பித்தளைக் கிண்ணம் அடித்துக் கொண்டுவந்து, அதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி வைத்தார். தாய் சோற்றுப் பருக்கை வைத்தார். பையனோ பள்ளி விடுமுறை முழுவதும் பெட்டியின் அருகிலேயே கிடந்தான். ஆயினும் மூன்றாம் வாரம் நீலச் சங்கு நண்டு கூட்டிலிருந்து பாதி வெளியே தொங்கி, அசைவற்றுக் கிடந்தது. துர்நாற்றமும் வீசியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாம் கோயில் முற்றத்தில் நிற்கையில் பையன் நம்மிடம் வந்தான். "ஏனுங்கய்யா, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனுங்களா?" என்று கேட்டான்.

அன்று நம்மிடம் விடை இல்லை. இப்பிராணியைப் பற்றி நாம் ஒன்றும் அறியோம். எனவே விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரை அணுகினோம், நூல்களையும் புரட்டினோம். இந்தச் சிற்றுயிரை வீட்டில் வைத்திருப்போரும், வாங்க எண்ணுவோரும் அறிந்துகொள்ளட்டும் என்று, அப்போது கற்றதை இம்மாதம் எழுதுகிறோம்.

துறவி என்றதும் நம் உள்ளத்தில் வனத்துச் சின்னப்பரும் வனத்து அந்தோனியாரும் தோன்றுவார்கள். ஆளரவமற்ற குகையில் தனித்து வாழ்ந்த புனிதர்கள் அவர்கள். இந்த நண்டும் தனியொரு கூட்டினுள் ஒடுங்கியிருப்பதால் இப்பெயர் பெற்றது. ஆனால் தரையில் வாழும் துறவி நண்டுகளுக்கு அறிவியலார் இட்ட பெயர் 'சினோபிட்டா' என்பது. அச்சொல் தனித்து வாழும் துறவியைக் குறிப்பதன்று. மடத்தில் பலரோடு கூடி வாழும் துறவியைக் குறிப்பது. நான்காம் நூற்றாண்டில் எகிப்து நாட்டில் புனித பக்கோமியார் நிறுவிய மடங்களில் வாழ்ந்தவர்களை இச்சொல்லால்தான் அழைத்தார்கள். பெயருக்கு ஏற்ப இந்த நண்டும் கூட்டமாய் வாழும் இயல்புடையது. கடற்கரைகளில் நூற்றுக்கணக்கில் சேர்ந்து திரிவது. அதைத் தனியாக ஒரு பெட்டியில் அடைத்து வைப்பது அதன் இயல்புக்கே மாறானது.

இந்த நண்டின் உடலமைப்பைப் பாருங்கள். பிற நண்டுகளுக்கு உடல் முழுவதும் கெட்டியான ஓடு உண்டு. இதற்கோ முன்பாதிக்கு மட்டுமே ஓடு. பின்பாதி மென்மையான வெறும் தசை. அதை மறைக்க இறந்த நத்தைகள் விட்டுச் சென்ற சங்கினுள் அது புகுந்துகொள்கிறது. கால்கள் பத்து. முதல் இரண்டும் கொடுக்குகள். அவற்றுள் இடப்பக்கத்தது பெரியது. ஆபத்து வந்தால் உள்ளே சுருங்கி, அந்தப் பெரிய கொடுக்கினால் வாயிலை அடைத்துக்கொள்ளும். அடுத்த நான்கு கால்களால் நடக்கும். கடைசி நான்கும் மிகச் சிறியவை. சங்கை உள்ளிருந்து பற்றிக்கொள்ளவே அவை பயன்படுகின்றன. யாரேனும் பிடித்து இழுத்தால், பிடியை விடுவதைவிட உடல் கிழிந்து சாவதையே அது ஏற்கும். வேடிக்கைக்காக நண்டைச் சங்கிலிருந்து இழுக்கும் சிறுவர்களுக்குப் பெற்றோர் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

சங்கு வளர்வதில்லை, நண்டோ வளர்கிறது. ஆகவே வளர வளர அது பெரிய வீடு தேட வேண்டும். கடற்கரையில் பெரியதொரு காலிச் சங்கு ஒதுங்கினால், நண்டுகள் சில சமயம் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக வந்து நிற்குமாம். பெரிய நண்டு புதுச் சங்கினுள் புகுந்தவுடன், அது விட்ட சங்கில் அடுத்தது குடியேறும்; அதன் வீட்டில் அதற்கடுத்தது. ஒரு சங்கு கிடைத்ததனால் ஒரு வரிசையே வீடு பெறுகிறது. இதைப் படித்தபோது நாம் வியந்து போனோம்.

இனி வளர்ப்பு முறைக்கு வருவோம். முதலில் அறிய வேண்டியது, இது செவுள்களால் மூச்சுவிடும் பிராணி என்பது. தரையில் வாழ்ந்தாலும் அதன் செவுள்கள் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காற்றில் ஈரம் குறைந்தால் செவுள் காய்ந்து, நாள்கணக்கில் மெல்ல மெல்ல மூச்சு முட்டிச் சாகும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80 அளவில் இருத்தல் நலம். கடற்கரையில் அது இயல்பாகவே கிட்டும். நம் திருப்பூர் வட்டாரமோ மழை மறைவுப் பகுதி. பாலக்காட்டு வழியே வரும் ஆனி, ஆடிக் காற்று துணியை நொடியில் உலர்த்திவிடும். அந்தக் காற்றில், ஓட்டை நிறைந்த பிளாஸ்டிக் பெட்டியில், சுழலும் மின்விசிறிக்குக் கீழே வைத்த நண்டு எப்படிப் பிழைக்கும்?

ஆகவே இரண்டடி நீளமுள்ள கண்ணாடி மீன் தொட்டி ஒன்றும், அதன்மேல் கண்ணாடி மூடியும் தேவை. மூடியில் சிறிது இடைவெளி விட்டால் போதும். ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சிறு கருவி மீன் வளர்ப்புப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். வெப்பம் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. மார்கழி, தை மாத இரவுகளில் தொட்டியைக் குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயில் தொட்டியின்மேல் நேராக விழவே கூடாது. கண்ணாடித் தொட்டி அப்போது அடுப்பாகிவிடும்.

இரண்டாவது, தண்ணீர். இரண்டு கிண்ணங்கள் வேண்டும்: ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றொன்றில் கடல் நீர் போன்ற உப்பு நீர். நண்டு முழுவதும் அமிழும் ஆழம் இருக்க வேண்டும். ஏறி வரக் கூழாங்கற்களால் படியும் அமைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கலந்துள்ள குளோரின் நண்டுக்கு ஆகாது. அதைப் போக்கும் சொட்டு மருந்து மீன் கடைகளில் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் ஊற்ற வேண்டாம். சாயக் கழிவு நொய்யல் பகுதியின் நிலத்தடி நீரை எவ்வளவு கெடுத்தது என்பதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டதும் நம் மக்கள் மறந்தவை அல்ல. உப்பு நீருக்குச் சமையல் உப்பு பொருந்தாது. கடல் மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் கடலுப்புக் கலவையை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும்.

மூன்றாவதாக, கிண்ணத்தைப் பற்றி ஒரு சொல். பாத்திரம் செய்கிற ஊரில் இதை எழுத நமக்கு மனம் கூசத்தான் செய்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். நம் இரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல் நண்டின் இரத்தத்தில் செம்பு உண்டு. ஆயினும் நீரில் கரைந்த செம்பு அளவுக்குச் சற்று மிகுந்தாலும் நண்டு, இறால், நத்தை போன்றவற்றுக்கு அது நஞ்சாகிவிடும். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் உப்பு நீர் வைப்பது அதனினும் கேடு. பீங்கான் அல்லது கண்ணாடிக் கிண்ணமே தக்கது.

இதை அந்தத் தந்தையிடம் எப்படிச் சொல்வது என்று நாம் தயங்கினோம். மகனுக்காக ஆசையுடன் அடித்த கிண்ணம் அல்லவா அது! நீல நண்டு கிண்ணத்தால்தான் செத்தது என்று உறுதியாகச் சொல்லவும் இயலாது. காய்ந்த காற்றும் இறுகிய பெட்டியுமே அதற்குப் போதும். இருந்தும் உண்மையை மறைக்காமல் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கிண்ணத்தை எடுத்துப் புளியிட்டுத் துலக்கி, வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்தின் முன்னே வைத்து, அதில் பூவைப் போட்டார். "எனக்குத் தெரியாமப் போச்சுங்க" என்றார். அவ்வளவுதான்.

நான்காவது, மணல். இதுதான் எல்லாவற்றிலும் முதன்மையானது. புதிதாக வளர்ப்போர் பெரும்பாலும் தவறு செய்வதும் இதில்தான். நண்டு வளரும்போது தன் மேலோட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு வளர்க்கிறது. அப்போது அதன் உடல் மிக மென்மையாக இருக்கும். அடுத்த நண்டு தொட்டாலும் ஆபத்து. ஆகவே ஈர மணலுக்குள் ஆழமாகக் குழி தோண்டி மறைந்துகொள்ளும். சிறிய நண்டுகள் சில வாரங்களும், பெரியவை இரண்டு மாதங்களுக்கு மேலும் உள்ளேயே இருக்கும். கழற்றிய பழைய ஓட்டைத் தானே தின்று, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு புது ஓட்டைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும்.

இதற்குக் குறைந்தது அரையடி ஆழம் மணல் வேண்டும். நன்கு கழுவிய ஆற்று மணல் ஐந்து பங்கும், தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கும் கலக்கலாம். பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளில் கிடைக்கும் நார்த்தூளை உப்புப் போக இருமுறை அலசிக்கொள்ள வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. அதுவே பதம். உள்ளே போன நண்டை எக்காரணம் கொண்டும் தோண்டி எடுக்கக் கூடாது. மேற்பரப்பில் அசையாத நண்டு கிடந்தாலும், இறந்துவிட்டது என்று உடனே எறிந்துவிடாதீர்கள். அது கழற்றிப் போட்ட வெற்று ஓடாகவும் இருக்கலாம். அழுகிய மீன் நாற்றம் வந்தால் மட்டுமே இறந்ததாகக் கொள்ள வேண்டும்.

உணவு எளிது. தேங்காய்த் துண்டு, வாழை, பப்பாளி, முருங்கை இலை, வேகவைத்த உப்பில்லா மீன், இறால் ஆகியவற்றைச் சிறிதளவு இரவில் வைத்து, எஞ்சியதைக் காலையில் எடுத்துவிட வேண்டும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடல்நுரையையும், கழுவிப் பொடித்த முட்டை ஓட்டையும் வைக்கலாம். மசாலா, வெங்காயம், பூண்டு வேண்டாம். கொசுவர்த்திச் சுருளும் பூச்சிக்கொல்லித் தெளிப்பும் அந்த அறையில் கூடவே கூடாது. பூச்சியைக் கொல்வது நண்டையும் கொல்லும். நண்டைத் தொட்டபின் பிள்ளைகள் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். அடிக்கடி கையில் எடுத்து விளையாடாமல் பார்த்து மகிழ்வதே நல்லது.

வர்ணம் பூசிய சங்கு கண்ணுக்கு அழகு; நண்டுக்கோ தீங்கு. வர்ணம் உரிந்து உணவிலும் நீரிலும் கலக்கும். அந்தச் சங்கினுள் நண்டு தானே விரும்பிப் புகுந்தது என்றும் எண்ண வேண்டாம். வலுக்கட்டாயமாகப் புகுத்துவது அவ்வாணிபத்தில் வழக்கம். நண்டு ஒன்றுக்கு மூன்று நான்கு வீதம், இப்போதுள்ளதைவிடச் சற்றுப் பெரியனவாக, இயற்கையான காலிச் சங்குகளைக் கொதிநீரில் கழுவி ஆறவைத்துத் தொட்டியில் இட வேண்டும். பிடித்ததை அதுவே தேர்ந்துகொள்ளும்.

இவ்வளவும் செய்தால் எத்தனை நாள் வாழும்? வீட்டில் வளர்ந்து 30 ஆண்டுகளைக் கடந்த துறவி நண்டுகளும் உண்டு. கடைப் பெட்டியிலிருந்து வருபவையோ பெரும்பாலும் சில மாதங்களில் மடிகின்றன. "அதன் ஆயுள் அவ்வளவுதான்" என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். அதன் ஆயுள் அவ்வளவன்று. நாம் கொடுத்த ஆயுள் அவ்வளவு.

இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். தாய் நண்டு முட்டைகளைக் கடலில்தான் விடும். குஞ்சுகள் சில காலம் கடலில் மிதந்து வளர்ந்த பின்னரே சங்கைத் தேடிக் கரையேறும். ஆகையால் கோழி, முயல்போல இவற்றைப் பண்ணையில் பெருக்கி விற்பதில்லை. கடையில் உள்ள ஒவ்வொரு நண்டும் ஏதோ ஒரு கடற்கரையிலிருந்து பிடித்து வரப்பட்டதே. ஜப்பான் நாடு 1970ஆம் ஆண்டிலேயே தரைவாழ் துறவி நண்டை இயற்கைச் சின்னமாக அறிவித்துக் காத்து வருகிறது. நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை; அங்கிருந்து உயிரினங்களை எடுத்து வருவது குற்றம்.

ஆண்டுதோறும் நம் பங்குகளிலிருந்து வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை செல்லும் குடும்பங்கள் பல. அங்கே கரையில் ஓடும் சிறு சங்கு நண்டுகளைப் பிள்ளைகள் பாட்டிலில் பிடித்து வருவதை நாமே கண்டிருக்கிறோம். கரையோரத்தில் காணும் அவை பெரும்பாலும் கடல் நீரிலேயே வாழும் வேறு வகை. தரை நண்டுக்குச் சொன்ன முறை அவற்றுக்குப் பொருந்தாது; வீடு வந்து சேரும் முன்பே பல இறந்துவிடும். பாருங்கள், மகிழுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள்.

பாட்டிலையும் கரையில் விட்டு வராதீர்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள கொக்கோஸ் தீவுகளிலும், பசிபிக் கடலில் உள்ள ஹெண்டர்சன் தீவிலும் ஆராய்ந்தவர்கள், பிளாஸ்டிக் பாட்டில்களிலும் டப்பாக்களிலும் சிக்கி ஆண்டுக்கு ஏறக்குறைய 5,70,000 துறவி நண்டுகள் மடிவதாக 2019இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். உள்ளே ஒன்று செத்தால் அதன் வாடை வெளியே பரவும். 'ஒரு சங்கு காலியாயிற்று' என்று அதை உணர்ந்து மற்றவை வீடு தேடி வரும். வந்தவை வழவழப்பான பாட்டிலிலிருந்து ஏற முடியாமல் அங்கேயே மடியும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' திருமடலில், படைப்பு முழுவதும் நாம் சேர்ந்து வாழும் பொது இல்லம் என்று நினைவுபடுத்தினார். ஆதித் தோட்டத்தில் மனிதனை இறைவன் வைத்தது அதைக் காப்பதற்காகவும்தான். காவல் என்றால் முதலில் அறிந்துகொள்ளுதல். ஓர் உயிருக்கு என்ன தேவை என்று கேட்டறியாத அன்பு, எவ்வளவு பெரிதாயினும், அதற்குப் போதாது.

சிவப்பு நண்டின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். கிறிஸ்துமஸ் உடைக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியைப் பையன் தானாகவே கொடுக்க, தந்தை பழைய மீன் தொட்டி ஒன்றை வாங்கினார். மணலும் நீரும் ஆயத்தமாயின. மூன்றாம் நாள் நண்டு மணலுக்குள் போனது, திரும்பவில்லை. இரண்டு வாரம், மூன்று வாரம் ஆயிற்று. "செத்துத்தானுங்க போயிருக்கும், எடுத்துப் போட்டர்றனுங்க" என்றார் தாய். நாற்றம் இல்லையே, பொறுங்கள் என்றோம் நாம். பையன் ஒவ்வொரு மாலையும் மணலின் மேற்பரப்பில் நீர் தெளித்துக் காத்திருந்தான். ஏழாம் வாரம் ஒரு விடியற்காலையில் அவன் கூவியழைக்க வீடே ஓடி வந்ததாம். மணலிலிருந்து வெளிவந்த நண்டு புது நிறத்தோடு இருந்தது. நான்கு நாள் கழித்து, வர்ணம் பூசிய சிவப்புச் சங்கை விட்டுவிட்டு, பழுப்பு நிறச் சாதாரணச் சங்கு ஒன்றில் குடியேறியது.

அதற்குத் துணை வேண்டுமே என்று பையன் கேட்டான். கடையில் இன்னொன்று வாங்கினால், கடற்கரையில் இன்னொன்றைப் பிடிப்பார்கள். அதனால், வளர்க்க இயலாமல் தவித்த கோவைக் குடும்பம் ஒன்றிடமிருந்து இரண்டு நண்டுகளைக் கேட்டுப் பெற்றார்கள். இப்போது அத்தொட்டியில் மூன்று துறவிகள் கூடி வாழ்கின்றன.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு இதுவே நம் விடை. தப்பு நடந்தது உண்மை. நீ அறியாமல் நடந்தது. அறிந்த பின் நீ செய்தது நன்று. வீட்டுக்கு ஓர் உயிரைக் கொண்டுவரும் முன்னே அதைப் பற்றிக் கேட்டறியும் வழக்கம் நம் குடும்பங்கள் அனைத்திலும் ஏற்பட இறைவன் அருள்வாராக.